நல்ல ஜப்பானிய க்ரீன் டீ, கட்டுப்படியாகும் விலையில்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

ஜப்பானிய க்ரீன் டீ வாங்க நினைப்பவர்களில் பலர் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நிழலில் வளர்த்த கியோகுரோ உயர்ந்தது, பொடியாக அரைத்த மாட்சா விசேஷமானது, அன்றாட இலையான சென்ச்சா நடுத்தரம், முதிர்ந்த இலையான பான்ச்சா கடைசி. இந்த வரிசையை எங்கோ படித்துவிட்டு, மேலே இருக்கும் பெயர்களில் எது மலிவாகக் கிடைக்கும் என்று தேடுகிறார்கள். காசு வீணாவது அங்கேதான். மலிவான கியோகுரோ என்று விற்கப்படுவது பெரும்பாலும் சுமாரான கியோகுரோ. அதே காசுக்கு மிக நல்ல தண்டுத் தேயிலையோ, ஹோஜிச்சா என்ற வறுத்த தேயிலையில் அருமையான ஒன்றோ கிடைத்திருக்கும். உயர்ந்த வகையின் அடிமட்டத்தைவிட எளிய வகையின் உச்சம் எப்போதும் நல்ல பேரம் என்பதுதான் என் கட்சி. கீழே வரும் ஒப்பீடுகளை அந்தக் கண்ணோடுதான் எழுதியிருக்கிறேன்.

கிராம் விலையா, கோப்பை விலையா?

பை விலையைப் பார்த்து முடிவெடுத்தால் கணக்கு தப்பும். ஜப்பானில் அன்றாடக் குடிக்கு மேலான நல்ல சென்ச்சா 100 கிராம் ஏறக்குறைய 1,000 யென் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 5 கிராம் இலை, அதாவது 50 யென். அதே இலையில் மூன்று முறை வெந்நீர் ஊற்றலாம். மூன்று முறையும் குடிக்கத் தகுந்ததாகவே வரும். கோப்பைக்கு 17 யென் ஆகிறது.

இப்போது டீ பேக். 20 பைகள் கொண்ட பெட்டி 400 யென் என்றால் கோப்பைக்கு 20 யென். பையில் இருப்பது 2 கிராம்தான், அதுவும் பொடிந்த இலை. இரண்டாவது முறை ஊற்றினால் நிறம் மட்டும் வரும். ஆக, 'விலை கூடிய' இலைத் தேயிலை, 'மலிவான' டீ பேக்கைவிடக் கோப்பைக் கணக்கில் குறைவாகவே வருகிறது.

மேலே போனால் வேறு கதை. 100 கிராம் 3,000 யென் கியோகுரோவில் ஒரு தடவைக்கு 8 கிராமாவது போட வேண்டும்; 240 யென். ஊற்றும் தண்ணீரோ ஒவ்வொரு முறையும் 60 மில்லி அளவுதான். மூன்று முறை ஊற்றினாலும் நாலைந்து மிடறுக்கு 80 யென். 40 கிராம் டப்பா 2,400 யென்னுக்கு வாங்கிய மாட்சாவில் ஒரு கிண்ணத்துக்கு 2 கிராம் என்றால் 120 யென். பொடியையே குடித்துவிடுவதால் மறுமுறை ஊற்றுவது என்ற பேச்சே இல்லை. 100 கிராம் 500 யென் ஹோஜிச்சா இரண்டு முறை ஊற்றினால் கோப்பைக்கு 13 யென்னுக்குள் அடங்கிவிடும்.

தினமும் குடிக்கப் போகிறீர்களா, வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து ரசிக்கப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இனி வருவது முக்கியமாகத் தினமும் குடிப்பவர்களுக்கு.

சென்ச்சாவுக்குள்ளேயே இரண்டு கட்சி

ஜப்பானியத் தேயிலையைச் சீனத் தேயிலையிலிருந்து பிரிப்பது ஆவி. பறித்த இலை கறுக்காமல் இருக்க, சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வறுக்கிறார்கள். ஜப்பானில் ஆவியில் வேகவைக்கிறார்கள். வேகவைத்து, உருட்டி, உலர்த்தும் முறையை 1738இல் கியோட்டோவின் உஜி பக்கத்தில் நகாதானி சோயென் செம்மைப்படுத்தினார் என்பது வரலாறு. அந்த ஆவியின் நேரம்தான் இன்று சென்ச்சாவை இரண்டாகப் பிரிக்கிறது.

வழக்கமான சென்ச்சாவுக்கு 30, 40 விநாடி ஆவி போதும். இலை ஊசிபோல் முழுசாக இருக்கும். டீ தெளிவான வெளிர்மஞ்சள். மணம் முன்னால் நிற்கும். ஷிசுவோகா மாகாணத்தின் கவானே, தென்ரியூ, ஹொன்யாமா போன்ற மலைப்பகுதிகளின் பாணி இது. 'ஃபுகாமுஷி' எனப்படும் ஆழ்ந்து வேகவைத்த சென்ச்சாவுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல், சில சமயம் இரண்டு நிமிடம் வரை ஆவி பிடிக்கிறார்கள். இலை நொறுங்கிவிடும், டீ கலங்கலான கரும்பச்சை, மணம் குறைவு, சாரம் அதிகம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் ஷிசுவோகாவின் மகினோஹரா மேட்டுநிலத்தில் இந்த முறை பரவியது. அங்கே வெயில் நன்றாகப் படுவதால் இலை தடித்துக் கசப்பும் துவர்ப்பும் கூடும். ஆவியை நீட்டினால் அந்த முரட்டுத்தனம் தணியும்.

எது நல்லது என்று கேட்டால் ரசனைக்காரர்கள் மலை சென்ச்சா பக்கம்தான் கை காட்டுவார்கள். எனக்கும் அந்த மணம் பிடிக்கும். ஆனால் குறைந்த செலவில் நல்ல டீ வேண்டும் என்பவருக்கு நான் ஃபுகாமுஷியைத்தான் சொல்வேன். காரணம் தண்ணீர். ஜப்பானில் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். கடினநீர் உள்ள ஊரில் மலை சென்ச்சாவின் மெல்லிய மணம் அமுங்கிவிடும். கொடுத்த காசில் பாதி கோப்பைக்கு வராது. ஃபுகாமுஷி அப்படித் தோற்றுப்போகாது. தண்ணீர் கொஞ்சம் சூடாகிவிட்டாலும், நேரம் கொஞ்சம் நீண்டுவிட்டாலும் மன்னித்துவிடும். 70, 75 டிகிரி நீரில் முக்கால் நிமிடத்தில் தயார். அடுத்த ஊற்றலுக்குப் பத்து விநாடிகூடத் தேவைப்படாது.

ஒரே தொல்லை, நொறுங்கிய இலை சாதாரண வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். கண்ணி மிக நெருக்கமான ஒரு எஃகு வடிகட்டி இருந்தால் போதும். டோகோனாமே ஊரின் மண் குடுவை அழகுதான். அதற்காக முதல் மாதமே செலவு செய்யத் தேவையில்லை.

ஊர்ப்பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

நீண்ட காலம் ஜப்பானியத் தேயிலை என்றாலே ஷிசுவோகாதான். 2024இல் அந்தக் கணக்கு மாறியது: முதல்நிலைப் பதப்படுத்தல் முடிந்த தேயிலையின் உற்பத்தி அளவில் ககோஷிமா முதன்முறையாக ஷிசுவோகாவைத் தாண்டியது. இது திடீரென்று நடந்ததல்ல. ஷிசுவோகாவில் தோட்டங்கள் சரிவுகளில் சிறு சிறு துண்டுகளாக இருக்கின்றன. விவசாயிகளுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. ககோஷிமாவில் நிலம் சமதளம். ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் அறுவடை இயந்திரம் வரிசை வரிசையாகப் போகும். வெப்பமான தெற்கு என்பதால் ஏப்ரல் தொடக்கத்திலேயே முதல் அறுவடை வந்துவிடும்.

வாங்குபவருக்கு இதில் இரண்டு லாபம். ஒன்று, உற்பத்திச் செலவு குறைவு. இன்னொன்று, ரகங்கள். ஜப்பானின் தேயிலை நிலத்தில் பாதிக்கும் மேல் யபுகிதா என்ற ஒரே ரகம்தான். 1908இல் சுகியாமா ஹிகோசபுரோ தேர்ந்தெடுத்தது. நல்ல ரகம், ஆனால் எங்கும் அதே. ககோஷிமாவில் யுதகாமிதோரி, சாயேமிதோரி, அசாத்சுயு என்று வகை வகையாக நட்டிருக்கிறார்கள். சாயேமிதோரியில் இனிப்பும் உமாமி என்ற கனத்த சாரச்சுவையும் தூக்கலாக, துவர்ப்பு ஒதுங்கி இருக்கும். க்ரீன் டீ என்றாலே கசப்பு என்று முகம் சுளிப்பவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது இதைத்தான். ஒரு நல்ல சாயேமிதோரி ஃபுகாமுஷி, சுமாரான கியோகுரோவுக்குப் பக்கத்தில் வைத்தால் வெட்கப்படாது. விலை அதில் ஒரு பங்கு.

உஜி வேறு விஷயம். கியோட்டோவின் இந்தப் பெயருக்கே ஒரு விலை உண்டு, அது நியாயமில்லாத விலையும் அல்ல. கலவை செய்வதில் அங்குள்ள பழைய கடைகளுக்கு இருக்கும் கைப்பழக்கம் வேறெங்கும் இல்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உஜித் தேயிலை என்பதற்குக் கியோட்டோ வணிகர்கள் வைத்திருக்கும் வரையறையில் கியோட்டோ மட்டுமல்ல, நாரா, ஷிகா, மியே மாகாணங்களின் இலையும் சேரும். இறுதிப் பதப்படுத்தல் கியோட்டோவில் நடக்க வேண்டும், கியோட்டோ இலைக்கு முன்னுரிமை. இதில் மியேயைக் கவனியுங்கள். ஷிசுவோகா, ககோஷிமாவுக்கு அடுத்த மூன்றாவது பெரிய உற்பத்தி மாகாணம் அது. கபுசெச்சா என்ற அரைநிழல் தேயிலையில் நாட்டிலேயே முதலிடம். அப்படியிருந்தும் 'இசே தேயிலை' என்ற அதன் சொந்தப் பெயர் வெளியே அதிகம் தெரியாது. பெயர் தெரியாததால் விலையும் ஏறவில்லை.

கபுசெச்சாவைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெயில் பட்டால் இலையில் இருக்கும் தியானின் என்ற அமினோ அமிலம் கேட்டெக்கினாக மாறும். இனிப்பும் உமாமியும் போய்த் துவர்ப்பு வரும். அதைத் தடுக்கத்தான் தோட்டத்தைத் துணியால் மூடுகிறார்கள். கியோகுரோவுக்கு 20 நாள் அளவில் மூடல். கபுசெச்சாவுக்கு ஒன்று இரண்டு வாரம். குறைந்த சூட்டில் ஊற்றினால் கியோகுரோ சாயல், கொஞ்சம் கூட்டினால் சென்ச்சா சாயல். கியோகுரோ குடிக்க ஆசை, கை இழுக்கிறது என்பவர் மலிவு கியோகுரோவைத் தொடாமல் மியேயின் கபுசெச்சாவை வாங்கலாம். கியோகுரோவே வேண்டுமென்றால் ஃபுகுவோகாவின் யாமே பகுதியில் சிறு பை, 50 கிராமோ அதற்கும் குறைவோ, நல்லதாக வாங்குங்கள். நடுவில் நிற்க வேண்டாம்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவை

இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

குகிச்சா: சென்ச்சாவோ கியோகுரோவோ இறுதியாகத் தரம் பிரிக்கும்போது தண்டுகளைத் தனியே எடுத்துவிடுவார்கள். அதுதான் குகிச்சா. தண்டில் துவர்ப்பு குறைவு, ஒரு மெல்லிய இனிப்பும் பசும்புல் மணமும் உண்டு. கியோகுரோவிலிருந்து பிரித்த தண்டுக்குக் கியோட்டோவில் கரிகானே என்று பெயர். அதே தோட்டத்தின், அதே நிழலில் வளர்ந்த செடியின் பகுதிதான். உருவம் அழகில்லை என்பதற்காக விலை பாதிக்கும் கீழே. நல்ல கடையின் கரிகானே கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

கொனாச்சா: தரம் பிரிக்கும்போது விழும் துகள்கள். சுஷி கடைகளில் பெரிய கோப்பையில் கொதிக்கக் கொதிக்கத் தருவார்களே, பாரம்பரியமாக அது இதுதான். நுணுக்கம் எதுவும் எதிர்பார்க்கக் கூடாது. வடிகட்டியில் போட்டு மேலே வெந்நீரை ஊற்றிவிட வேண்டியதுதான். வலுவான பச்சை டீ உடனே வேண்டும் என்பவருக்கு இதைவிட மலிவாக எதுவும் இல்லை. சுழல்பட்டை சுஷி கடைகளில் வைத்திருக்கும் பொடியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது சென்ச்சாவை அரைத்த தூள், நீரில் கலந்து குடிப்பது. அந்தத் தூளை மாட்சா என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

ஹோஜிச்சா: பான்ச்சா, சென்ச்சா அல்லது தண்டை வறுத்தெடுப்பது. கொதிநீரை நேரடியாக ஊற்றலாம், சூடு பார்க்கும் வேலை இல்லை. இலையில் செய்ததைவிடத் தண்டில் வறுத்தது எனக்கு ஒரு படி மேல். கனசாவா நகரத்தின் காகா போச்சா அந்த வகை. முதல் அறுவடைத் தண்டை மெல்லிய வறுவலாக வறுத்தால் கருகல் வாடை இல்லாமல் மணம் மட்டும் நிற்கும். சாதாரண ஹோஜிச்சாவைவிட விலை கூடுதல்தான், ஆனால் நடுத்தர சென்ச்சா விலையைத் தாண்டுவது அரிது. வகையின் உச்சத்தை இவ்வளவு குறைவாக வாங்க முடிகிற இடம் இது ஒன்றுதான்.

ஒரு சிறு திருத்தம்: ஹோஜிச்சாவில் காஃபீன் கிட்டத்தட்ட இல்லை என்று விற்பனைக் குறிப்புகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். ஜப்பானிய அரசின் உணவுச் சத்து அட்டவணைப்படி 100 மில்லி டீயில் சென்ச்சாவுக்கும் ஹோஜிச்சாவுக்கும் அதே 20 மில்லிகிராம்தான். பான்ச்சாவும் கென்மைச்சாவும் 10. கியோகுரோ 160, இலையை அள்ளிப் போட்டுக் கொஞ்சம் நீரில் இறக்குவதால் அவ்வளவு. இரவில் குடிக்க வேண்டுமென்றால் பான்ச்சாவைத் தேடுங்கள்.

கென்மைச்சா: வறுத்த அரிசி கலந்தது, பொதுவாகப் பாதிக்குப் பாதி. அதாவது நீங்கள் கொடுக்கும் காசில் எடைக்குப் பாதி அரிசி. அதில் தவறில்லை, ஆனால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். அரிசி மணம் பழைய இலையின் குறையை மூடிவிடும் என்பதால் தரமில்லாத இலை ஒளிந்துகொள்ள வசதியான இடமும் இதுதான். மாட்சா தூவிய கென்மைச்சா பச்சையாக அழகாக இருக்கும். நிறத்துக்காக விலை கூட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பான்ச்சா: கோடைக்குப் பிந்தைய அறுவடை, முதிர்ந்த இலை. சாப்பாட்டோடு குடிக்க நல்லது. கியோட்டோவின் இரிபான்ச்சா மட்டும் தனி உலகம்: உருட்டாத பெரிய இலை, புகைந்த விறகின் வாடை. சிலருக்கு முதல் முகர்தலிலேயே பிடிக்கும், சிலர் பையைத் தூக்கி வாசலில் வைத்துவிடுவார்கள். சிறிய பை வாங்கிப் பார்ப்பது குடும்ப அமைதிக்கு நல்லது.

மாட்சாவை இப்போதைக்கு விடலாமா?

2024 இலையுதிர் காலத்தில் இப்போடோ, மருக்யூ கோயமாயென் போன்ற கியோட்டோ நிறுவனங்களே ஆளுக்கு இத்தனை டப்பாதான் என்று வரம்பு வைத்தன. 2025 மே மாதம் கியோட்டோ ஏலம் ஒன்றில், மாட்சாவுக்கு அரைக்கும் தென்ச்சா இலையின் சராசரி விலை கிலோ 8,000 யென்னைத் தாண்டியது. முந்தைய ஆண்டைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். உலகம் முழுக்க மாட்சா லாட்டே குடிக்கிறது, கல் எந்திரமோ மணிக்கு 40 கிராம் அளவுக்குத்தான் அரைக்கும், புதிதாக நட்ட செடி முழுப் பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும்.

இந்த நிலையில் மலிவு மாட்சா தேடுவது எல்லாவற்றிலும் மோசமான பேரம். 'செரிமோனியல் கிரேடு' என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். அதற்குச் சட்டப்படி எந்த வரையறையும் கிடையாது, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். பால் சேர்த்துக் குடிப்பவருக்கு ஜப்பானிய மாட்சாவின் நுணுக்கம் தேவையும் இல்லை. வெறும் நீரில் அடித்துக் குடிப்பவர் பழைய பெயர்பெற்ற கடையின் சிறு டப்பா ஒன்றை, எப்போதாவது, வாங்கிக்கொள்ளலாம்.

மாட்சா மோகம் மற்ற வகைகளையும் விட்டுவைக்கவில்லை. ஜப்பானில் வீடுகளில் இலைத் தேயிலை வாங்குவது பல காலமாகக் குறைந்துகொண்டே வந்தது. 1985இல் இத்தோ என் நிறுவனம் டின்னில் அடைத்த க்ரீன் டீயைக் கொண்டுவந்தது, 1990இல் பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. குடுவை வைத்திருக்கும் வீடுகளே குறைந்துபோயின. நல்ல சென்ச்சா இத்தனை ஆண்டு மலிவாகக் கிடைத்ததற்கு அந்தச் சரிவும் ஒரு காரணம். இப்போது விவசாயிகள் சென்ச்சாவை விட்டுத் தென்ச்சாவுக்கு மாறுவதால் சென்ச்சா விலையும் ஏறத் தொடங்கியிருக்கிறது. பழைய விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

யாரிடம் வாங்குவது?

சூப்பர் மார்க்கெட் டீ பேக். இத்தோ என், யமமோத்தோயாமா போன்ற பெரிய பெயர்களின் மாட்சா கலந்த பைகள் பரவாயில்லை. அலுவலகத்தில், பயணத்தில் சரி. ஆனால் பை சென்ச்சாவை வைத்து ஜப்பானிய டீ எனக்குப் பிடிக்காது என்று முடிவு கட்டுவது அவசரம். உற்பத்தி நாடு எது என்று பாருங்கள். யமமோத்தோயாமாவுக்குப் பிரேசிலிலும் தோட்டம் உண்டு, சீனாவிலும் ஆவி முறையில் சென்ச்சா செய்கிறார்கள். அவை மோசம் என்பதல்ல, ஆனால் ஜப்பான் விலை கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல.

ஜப்பானிய மளிகைக் கடை. 200 கிராம் பை, விலையும் குறைவு, பார்க்க ஆசையாக இருக்கும். சிக்கல் பழமை. கண்டெய்னரில் வந்து, விளக்கு வெளிச்சத்தில், அறைச் சூட்டில் எத்தனை மாதம் நின்றதோ தெரியாது. ஹோஜிச்சா, கென்மைச்சா, பான்ச்சா இங்கே வாங்கலாம். வறுத்தவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சென்ச்சாவை, அதிலும் ஒளி ஊடுருவும் பையில் இருப்பதை, தொடவே வேண்டாம். பின்பக்கம் பொருட்பட்டியலையும் படியுங்கள். 'தேயிலை' என்ற ஒரே சொல் இருக்க வேண்டும். சில மலிவு ரகங்களில் உமாமிக்காக அமினோ அமிலச் சுவையூட்டி சேர்க்கிறார்கள். முதல் கோப்பை அபாரமாக இருக்கும், இரண்டாவதில் சாயம் வெளுத்துவிடும்.

பொது இணையச் சந்தை. ஃபூஜி மலை, செர்ரிப் பூ, தங்க எழுத்து எல்லாம் இருக்கும். எந்த மாகாணம், எந்த அறுவடை, எப்போது அடைத்தது என்பது இருக்காது. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு எழுதியிருந்தால் பரிசீலிக்கலாம்.

கியோட்டோவின் பழைய கடைகள். இப்போடோ 1717இல் தொடங்கியது. இப்படிப்பட்ட கடைகளில் வருடா வருடம் ஒரே சுவை வரும்படி கலவை செய்கிறார்கள். அந்த நம்பகத்துக்கும் பெயருக்கும் சேர்த்துத்தான் விலை. அங்கே உயர்ரகத்துக்குச் செலவு செய்யலாமா என்பது உங்கள் பை கனத்தைப் பொறுத்தது. ஆனால் அதே கடைகளின் ஹோஜிச்சா, கென்மைச்சா, குகிச்சா, பான்ச்சா பக்கத்தைப் பலர் திருப்பிப் பார்ப்பதே இல்லை. கலவை செய்பவர் அதே ஆள்தான், விலை மட்டும் தரையில்.

தோட்டத்திலிருந்து நேரடியாக. வசுகாவில் இருக்கும் ஓபுபு போன்ற பண்ணைகள், பல சிறு விவசாயிகளின் தேயிலையைச் சேர்த்து விற்கும் யுனோமி, ஒரே ரகம் ஒரே தோட்டம் என்று தேடித் தரும் டோக்கியோவின் தே டு ஜப்போன் போன்றவை. ரகம், மலை, அறுவடைத் தேதி எல்லாம் எழுதியிருப்பார்கள். படித்துப் படித்தே பாதி நாள் போய்விடும். சுவையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தபால் செலவு ஒரு பைக்கும் ஐந்து பைக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். சுங்கமும் நாட்டுக்கு நாடு மாறும். ஒற்றைப் பை வாங்கினால் தேயிலையைவிடத் தபாலுக்கு அதிகம் கொடுப்பீர்கள். நாலு நண்பர்கள் சேர்ந்து வரவழைத்தால் மளிகைக் கடை விலைக்கே மலைத்தோட்டச் சென்ச்சா வந்துவிடும்.

நீங்கள் வாழும் நாட்டிலேயே இருப்பு வைத்து விற்கும் சிறப்புக் கடை. ஷிசுவோகா நிறுவனம் ஒன்றின் கிளையாகக் கலிஃபோர்னியாவில் இயங்கும் டென்ஸ் டீ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குளிர் இருப்பு, சிறு பை, குறைந்த தபால். ஜப்பானில் இருக்கும் விலையைவிடச் சற்றுக் கூடும், தபாலோடு கூட்டினால் பெரும்பாலும் இதுதான் ஜெயிக்கும். தனியாகக் குடிப்பவருக்கு, மாதம் ஒரு பை தீர்ப்பவருக்கு, இது முதல் தேர்வு. கூட்டுச் சேர ஆள் இருந்தால் தோட்டம்.

எதை எப்போது?

ஷின்ச்சா எனப்படும் புது அறுவடையின் முதல் பைகளுக்குப் பெயர் மவுசு அதிகம். ஜப்பானின் மரபு நாட்காட்டிப்படி வசந்தத் தொடக்கத்திலிருந்து 88ஆம் நாள், மே 2 வாக்கில், பறித்தது அதிர்ஷ்டம் என்று நம்பிக்கை. அந்தப் பருவத்தின் முதல் இலைக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு உற்சாகத்துக்கானது. அதே தோட்டத்தின் அதே முதல் அறுவடையில் சில நாள் பிந்திப் பறித்த இலை விலை இறங்கிவிடும். நான் ஜூன் மாதம் வாங்குவதையே சொல்வேன். இரண்டாம் அறுவடை ஜூன், ஜூலையில் வரும். அதில் தியானின் குறைவு, துவர்ப்பு கூடுதல். குளிர்நீரில் ஊறவைத்துக் குடிக்க மட்டும் அது போதுமானது. ஒரு லிட்டருக்கு 10, 15 கிராம் போட்டு ஃபிரிட்ஜில் மூன்று நாலு மணி நேரம் வைத்தால், துவர்ப்புத் தரும் கேட்டெக்கின் குளிர்ந்த நீரில் அதிகம் இறங்காததால், சாதாரண இலைகூட இனிப்பாகத் தெரியும்.

முதல் முறை வாங்குகிறீர்கள் என்றால் என் கூடை இது: ககோஷிமா ஃபுகாமுஷி 100 கிராம், முடிந்தால் சாயேமிதோரி கலந்தது, தண்டு ஹோஜிச்சா 100 கிராம், கரிகானே கிடைத்தால் 50 கிராம். மூன்றும் சேர்ந்தாலும் ஒரு சுமாரான கியோகுரோ பையின் விலையைப் பெரிதாகத் தாண்டாது. காலையில் முதலாவது, சாப்பாட்டுக்குப் பின் இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது. கடினநீர்த் தொல்லை இல்லாதவர்கள் ஃபுகாமுஷிக்குப் பதில் கவானேயோ தென்ரியூவோ எடுத்துப் பார்க்கலாம்.

மொத்தமாக அரை கிலோ வாங்கினால் தள்ளுபடி என்று வரும். ஒரே பையாக இருந்தால் வேண்டாம். திறந்த நாள் முதல் சென்ச்சா இறங்குமுகம்தான். ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. 100 கிராம் வீதம் காற்றுப் புகாமல் அடைத்த ஐந்து பை என்றால் சரி, திறக்காதவற்றை ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பை அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள், இல்லையென்றால் ஈரம் உள்ளே இறங்கிவிடும்.

அப்புறம், ஏற்கெனவே வீட்டில் பாதி தீர்ந்து பழசாகிப்போன சென்ச்சா பை இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். எண்ணெய் படாத வாணலியில், சிறு தீயில், கையெடுக்காமல் கிளறினால் சில நிமிடத்தில் ஹோஜிச்சா ஆகிவிடும். இலை செம்பழுப்புக்கு வந்து புகை கிளம்பத் தொடங்கும்போதே வேறு தட்டில் கொட்டிவிடுங்கள், வாணலியின் சூட்டில் மேலும் கருகும். செய்த அன்றே குடித்தால் கடையில் வாங்கும் பல ஹோஜிச்சாக்களைவிட அது மணமாகவே இருக்கும்.